மொட்டைமாடி ராடார்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, தலைப்புல ராடார்னு போட்டது சும்மா ஒரு பில்டப்புக்குத்தான். நான் செஞ்சது ராடார் இல்லை. ராடார்னா நாம ஒரு அலையை அனுப்பி, அது விமானத்து மேல பட்டுத் திரும்பி வர்றதைப் பிடிக்கணும். அதெல்லாம் அரசாங்கம் பண்ற வேலை. என் பொட்டி எதையும் அனுப்பாது. காதைத் தீட்டி வச்சுகிட்டு சும்மா உக்காந்திருக்கும். விமானம் தானாவே "நான் இன்னார், இங்க இருக்கேன், இவ்வளவு உயரத்துல, இந்தப் பக்கமா போயிட்டிருக்கேன்"னு கத்திகிட்டே போகும். அதைக் கேட்டு போனுக்கு அனுப்பும். அவ்ளோதான் மேட்டர்.

இந்தக் கத்தலுக்குப் பேரு ஏடிஎஸ்-பி. 1090 மெகாஹெர்ட்ஸ்ல வரும். ஒரு செய்திக்கு 112 பிட், முன்னாடி வர்ற தொடக்க ஒலியையும் சேர்த்து 120 மைக்ரோ வினாடியில முடிஞ்சுடும். இடத்தை வினாடிக்கு ரெண்டு தடவை சொல்லும், வேகத்தை ரெண்டு தடவை, தன் பேரை அஞ்சு வினாடிக்கு ஒரு தடவை. பூட்டு, சாவி, ரகசியக் குறியீடு ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட்ல ஒரு அடையாள எண் இருக்கு. பதினாறடிமானத்துல எழுதினா நம்ம நாட்டு விமானங்களோட எண் 80ல இருந்து 83 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும். வண்டி நம்பர் பிளேட்டுல டிஎன் பார்த்ததும் நம்ம ஊரு வண்டின்னு தெரியுதில்ல, அந்த மாதிரி.

இதைக் கேக்கறதுக்கான காது முன்னாடி ரொம்ப விலை. 2012 வாக்கில, கம்ப்யூட்டர்ல டிவி பார்க்கறதுக்காக வித்துகிட்டிருந்த மலிவு விலை யுஎஸ்பி டாங்கிளைக் கொஞ்சம் தாஜா பண்ணினா பலவகை ரேடியோ அலைகளையும் அப்படியே கொட்டும்னு சில பேர் கண்டுபிடிச்சாங்க. ஆர்டிஎல்-எஸ்டிஆர்னு பேரே வந்துடுச்சு. அந்தக் கொட்டலைப் பிரிச்சு விமானச் செய்தியா மாத்தறதுக்கு டம்ப்1090ன்னு ஒரு நிரல் எழுதினவர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ. ஆபீஸ்ல ரெடிஸ் வச்சு ஆணி புடுங்கற ஆளுங்களுக்கு இந்தப் பேரு தெரிஞ்சிருக்கும். ஆமா, அதே மனுஷன்தான்.

பொட்டிக்குள்ள இருக்கறது இவ்வளவுதான்: ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, ஒரு டாங்கிள், ஒரு வடிகட்டி, ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுல. ஆன்டெனாவுக்குக் காசு செலவு பண்ணலை. 1090 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 27.5 செ.மீ. அதுல கால் பங்கு 6.9 செ.மீ. வீட்டு வயரிங்ல மிஞ்சின செப்புக் கம்பியை அந்த அளவுக்கு அஞ்சு துண்டு வெட்டி, ஒண்ணு நட்டுக்க மேல, நாலு சாய்வா கீழ, ஒரு சாக்கெட்டுல வச்சு பத்த வச்சாச்சு. பார்க்க ஒட்டடைக் குச்சியோட குட்டி மாதிரி இருக்கும். மத்த சாமானெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு சனிக்கிழமை.

வடிகட்டியைப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும். எங்க வீடு நங்கநல்லூர்ல. பக்கத்து அபார்ட்மெண்ட் மாடியில மொபைல் டவர். அது 900 மெகாஹெர்ட்ஸ்ல போடற கூச்சல்ல இந்த ஏழை டாங்கிளுக்குக் காதே அடைச்சிடும். கல்யாண வீட்டுல மைக் செட் பக்கத்துல உக்காந்துகிட்டு எதிர்வரிசைப் பெரியம்மா சொல்றதைக் கேக்கற மாதிரி. 1090ஐ மட்டும் உள்ள விடற வடிகட்டியைப் போட்டதும், 60 கி.மீ. தாண்டாத பொட்டி 170, 180ன்னு போக ஆரம்பிச்சது. இந்த ஒரு சின்ன உலோகத் துண்டுக்குக் குடுத்த காசுதான் மொத்தத்துலயே உருப்படியான செலவு.

"ஃப்ளைட்ரேடார்24 ஓசியிலயே இருக்கே, நீ எதுக்கு இதைப் போட்டு மல்லுக்கட்டற?" ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா அந்தத் தளத்துக்கு அத்தனை தகவலும் எங்கிருந்து வருது? 2006ல ஸ்வீடன்ல ரெண்டு விமானக் கிறுக்கர்கள் ஆரம்பிச்சது அது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் தங்கள் வீட்டு மாடியில இந்த மாதிரிப் பொட்டியை வச்சு, கேட்டதை அனுப்பறாங்க. அதைத்தான் நாம பார்க்கறோம். அதாவது நீங்க பார்க்கற புள்ளி, யாரோ ஒருத்தர் காதுல விழுந்தது. எனக்கு என் காதுலயே விழணும்னு ஆசை. இதுக்கு மேல இதை நியாயப்படுத்த என்னால முடியாது சாமி.

ஆப் ஃப்ளட்டர்ல எழுதினேன். பொட்டி ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட்டா வேலை செய்யும், போன் அதுல போய் ஒட்டிக்கும், வினாடிக்கு ஒரு தடவை விமானப் பட்டியலை வாங்கி வரைபடத்துல புள்ளி வைக்கும். வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து முன்னாடியே இறக்கி வச்சது. கேக்க எளிமையா இருக்கு இல்லையா? ஆண்ட்ராய்டுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "இந்த வைஃபையில இன்டர்நெட் இல்லையே" அப்படின்னு முகத்தைச் சுளிச்சுகிட்டு, நம்மளைக் கேக்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். புள்ளியெல்லாம் அப்படியே உறைஞ்சு நிக்கும். கடைசியில கோட்லின்ல இறங்கி, "இந்த ஆப் மட்டும் இந்த வைஃபையை விட்டு நகரக் கூடாது, மத்தவங்க எங்க வேணா போங்க"ன்னு சிஸ்டத்துகிட்ட எழுதிக் குடுத்த பிறகுதான் அடங்கிச்சு. ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா போச்சு. வெயில்ல டப்பா கொதிச்சது, திடீர்னு கரண்ட் போனா எஸ்டி கார்டு மண்டையைப் போடுறது இதெல்லாம் எல்லாரும் படற பாடு, விட்டுடலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், விமானம் தன் இடத்தைச் சொல்ற விதம். முழு அட்சரேகை, தீர்க்கரேகை அனுப்பினா பிட் நிறைய செலவாகும். அதனால பூமியைத் தெற்கு வடக்கா சுத்தற முழு வட்டத்தை ஒரு தடவை 60 பட்டையா வெட்டறாங்க, இன்னொரு தடவை 59 பட்டையா. ஒரு செய்தியில முதல் கணக்குப்படி, அடுத்ததுல ரெண்டாவது கணக்குப்படி, பட்டைக்குள்ள எந்த இடம்னு மட்டும் சொல்லும். எந்தப் பட்டைன்னு சொல்லவே சொல்லாது! ரெண்டு செய்தியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா பட்டை தானா விழுந்துடும். ஆனா கேக்கறவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா ஒரு செய்தியே போதும். தெருவுல கீரைக்காரம்மா குரல் குடுத்தா, அவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னா யோசிப்போம்? காதுல விழுதுன்னா பக்கத்துத் தெருவுலதான். அதே லாஜிக். பொட்டியை நான் கையில தூக்கிகிட்டுத் திரியறதால, போனோட ஜிபிஎஸ்ஸை எடுத்துப் பொட்டிக்குக் குடுத்துட்டேன். பொட்டியும் ஆப்பும் ஒண்ணுக்கொண்ணு உதவி பண்ற இடம் இது.

இன்னொண்ணு. எங்கிருந்து கிளம்பிச்சு, எங்க போகுதுங்கற தகவல் இந்தச் செய்தியில கிடையவே கிடையாது. எட்டு எழுத்துல ஒரு பேரு மட்டும் வரும். அந்தப் பேரை வச்சு வேற பட்டியல்ல தேடிப் போட்டாத்தான் "சென்னை - துபாய்" எல்லாம்.

இது வரைக்கும் விளையாட்டுதான். விளையாட்டா இல்லாமப் போனது 2025ல.

அந்த ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்ல ஏர் இந்தியா 171 விழுந்தது. விமானத்துல இருந்த 242 பேர்ல 241 பேர், கீழ இருந்தவங்க 19 பேர், மொத்தம் 260 உயிர். அன்னிக்கு சாயந்திரமே எல்லா டிவியிலயும் ஒரே படம்: ஃப்ளைட்ரேடார்24ல ஓடுபாதை முனையில வந்து நின்னு போன ஒரு கோடு. கடைசிச் செய்தி மதியம் 1 மணி 38 நிமிஷம் 51 வினாடிக்கு, 625 அடி உயரத்துல. அதுவும் தரையில இருந்து அளந்த கணக்கு இல்லை. அந்த விமான நிலையமே கிட்டத்தட்ட 190 அடி மேல இருக்கு.

அந்தக் கோடு நின்ன இடத்துல விமானமும் நின்னுடுச்சுங்கற மாதிரியே பல சேனல்கள்ல பேசினாங்க. ஜூலையில வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையைப் படிச்சா, கருப்புப் பெட்டி பதிவு நின்னது 1 மணி 39 நிமிஷம் 11 வினாடிக்கு. நடுவுல 20 வினாடி. அந்த 20 வினாடி விமானம் வானத்துல இருந்திருக்கு. தளத்துக்குக் கேக்கலை, அவ்வளவுதான். இதை விடப் பெரிய உதாரணம் எம்எச்370. 2014 மார்ச் 8 அதிகாலை 1:21க்குத் திரையில இருந்து புள்ளி போச்சு. ஆனா செயற்கைக்கோளோட அந்த விமானம் கடைசியாத் தொடர்பு வச்சது காலை 8:19க்கு. புள்ளி போன பிறகு கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் அது எங்கேயோ பறந்துகிட்டிருந்திருக்கு, 239 பேரோட.

ஆகஸ்ட்ல அக்கா குழந்தைகளோட லீவு முடிஞ்சு சிங்கப்பூருக்குக் கிளம்பினா. ராத்திரி ஃப்ளைட். எப்பவும் ஏர்போர்ட்டுக்கு வந்து கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டற அம்மா, இந்தத் தடவை வரலைன்னுட்டாங்க. "நான் மாடியில உன் டப்பாவுல பாத்துக்கறேன்." அகமதாபாத் படத்தை அவங்க எத்தனை தடவை டிவியில பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லலை. அவங்களை விட்டுட்டு வந்து, நானும் மாடிக்குப் பாய் எடுத்துகிட்டுப் போனேன்.

ஓடுபாதையில இருக்கும்போதே பேரு வந்துடுச்சு. கிளம்பிச்சு. 600 அடி, 900, 1,500. அம்மா எண்ணை மட்டுமே பார்த்துகிட்டிருந்தாங்க. 625ஐத் தாண்டினப்ப ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சகஜமாகி, "பத்தாயிரம் ஆச்சு, இருபதாயிரம் ஆச்சு"ன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்ல ஆரம்பிச்சாங்க. கடல் மேல போயாச்சு. கிளம்பி பதினேழு, பதினெட்டு நிமிஷம் இருக்கும். 30,000 அடி, 170 கி.மீ. தூரம். புள்ளி காணோம்.

இந்த மாதிரி மென்பொருள்கள் எல்லாத்துலயும் இருக்கற ஏற்பாடுதான் அது. குறிப்பிட்ட நேரம் ஒரு விமானத்துகிட்ட இருந்து செய்தி வரலைன்னா பட்டியல்ல இருந்து எடுத்துடும். இல்லைன்னா பழைய புள்ளிகளா சேர்ந்து திரையே ரொம்பிடும். என் ஆப்புல அது 60 வினாடி.

"எங்கடா போச்சு?"

"தூரமாயிடுச்சும்மா. இதுக்கு மேல நம்ம ஆன்டெனாவுக்கு எட்டாது."

"இப்ப இருந்துதே?"

பூமி உருண்டை, அந்த உயரத்துல கணக்குப்படி 390 கி.மீ. வரைக்கும் தெரியணும், ஆனா தென்கிழக்குல அபார்ட்மெண்ட் மறைக்குது, இது சின்ன ஆன்டெனா... நான் ஜல்லி அடிக்க அடிக்க அவங்க முகம் மாறவே இல்லை. அவங்க போன்ல ஃப்ளைட்ரேடார்24ஐத் திறந்து காட்டினேன். அங்க விமானம் ஜம்முன்னு போயிட்டிருந்தது. "அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"ன்னாங்க. அவங்களுக்கு நிறைய ஊர்ல காது இருக்கு, நடுக்கடல்ல யாருக்கும் கேக்கலைன்னா கடைசி வேகத்தையும் சேர வேண்டிய ஊரையும் வச்சு ஒரு உத்தேசமா நகர்த்திக் காட்டுவாங்கன்னேன்.

"உத்தேசமாவா? அப்ப அதுவும் நிஜம் இல்லையா?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க. "விமானம் காணாமப் போகலை. உனக்குத்தான் கேக்கலை. அதை அப்படியே எழுதிப் போட வேண்டியதுதானே? எதுக்கு அழிக்கற?"

விடிகாலையில அக்கா வாட்ஸப்புல "லேண்டட்"னு அனுப்பற வரைக்கும் அம்மா கீழ இறங்கலை.

அடுத்த ஒரு மாசம் இந்த ஒரு கேள்விக்காகவே ஆப்பைப் பாதி திருப்பி எழுதினேன். கேக்காத விமானத்தை இப்ப அழிக்கறது இல்லை. நிறைஞ்ச புள்ளி வெத்து வட்டமா மாறும். பக்கத்துல "கடைசியாகக் கேட்டது: 4 நிமிடம் முன்பு, 30,000 அடி, ஏறிக்கொண்டிருந்தது" அப்படின்னு வரும். வட்டம் நகராது. உத்தேசமா நகர்த்தறது எனக்கு அஞ்சு வரி நிரல்தான், ஒரு தடவை போட்டும் பார்த்தேன், அழகாத்தான் இருந்தது. ஆனா கேக்காததைக் கேட்ட மாதிரிக் காட்டற ஒரு திரையை அம்மா முன்னால வைக்க மனசு வரலை, எடுத்துட்டேன். 2019ல இருந்து இரிடியம் செயற்கைக்கோள்கள்லயே இந்தக் காதை மாட்டி நடுக்கடல்லயும் கேக்கறாங்க. அது நம்ம மாடிக்கு எட்டற சமாச்சாரம் இல்லை.

இதை விட முள்ளா குத்தினது தரையிறக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை பொட்டியைத் தூக்கிகிட்டுப் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனேன். வர்ற விமானம் ஒவ்வொண்ணும் 2,000 அடி, 1,200, 700ன்னு இறங்கும். அப்புறம் சத்தம் நின்னுடும். நடுவுல மொத்த ஊரும், கட்டடமும். மணல்ல உக்காந்துகிட்டு அரை மணி நேரத்துல ஏழெட்டு தடவை அதைப் பார்த்தேன். இறங்கிகிட்டே இருக்கற எண், அப்புறம் ஒண்ணுமில்லை. வெறும் எண்ணை மட்டும் பார்த்தா, பத்திரமா இறங்கினதுக்கும் இறங்காததுக்கும் என் பொட்டிக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்துல சுண்டல் வித்துகிட்டிருந்த பையன் "இன்னாண்ணா இது?"ன்னு கேட்டதுக்கு எனக்கு சட்டுன்னு பதில் வரலை.

"ஓடுபாதைக்குப் பக்கத்துல, தாழ்வா வந்து மறைஞ்சா இறங்கிடுச்சுன்னு எடுத்துக்கோ"ன்னு ஒரு விதி எழுதறது ரொம்ப சுலபம். ஆயிரம் தடவைக்கு ஆயிரம் தடவையும் சரியா இருக்கும். அகமதாபாத்ல அந்த ஒரு மதியம் மட்டும் சரியா இருந்திருக்காது. அதனால எழுதலை. விமானம் தரையில ஓடும்போது அனுப்பற செய்தியே வேற வகை, அதுக்குத் தனி எண் உண்டு. அது காதுல விழுந்தாத்தான் என் ஆப் "தரையிறங்கியது"ன்னு சொல்லும். இல்லைன்னா வெத்து வட்டம்தான். நங்கநல்லூர்ல இருந்தா பெரும்பாலும் விழுந்துடுது. பெசன்ட் நகர்ல ஒரு தடவை கூட விழலை.

அப்புறம் எல்லை. ஒவ்வொரு திசையிலயும் இது வரைக்கும் எவ்வளவு தூரம் கேட்டிருக்குன்னு ஆப் குறிச்சுகிட்டே வரும். அந்த எல்லையோரத்துல ஒரு புள்ளி வெத்து வட்டமானா அது சகஜம், சாம்பல் நிறம். எல்லைக்கு நல்லா உள்ள இருக்கும்போது போனா மஞ்சள். சிவப்பு வைக்கலாமான்னு யோசிச்சு விட்டுட்டேன், அம்மா கையில குடுக்கற சாதனம். ஆனா இங்கதான் போர்ட்டபிள்ங்கற வார்த்தை வேலையைக் காட்டிச்சு. வீட்டு மாடியில ஒரே இடத்துல நிக்கற ரிசீவருக்கு எல்லையை ஒரு தடவை கத்துகிட்டா போதும். என் பொட்டி பரங்கிமலைக்கு மேல போனா ஒரு எல்லை, வீட்டு மாடியில ஒரு எல்லை, பால்கனியில வேற. இடம் மாறினதை போனோட ஜிபிஎஸ் சொன்னதும் பழைய எல்லையை மூட்டை கட்டி வச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வான்வழிப் போக்குவரத்து எவ்வளவு இருக்குங்கறதைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் ஆப் "இந்த இடம் எனக்குப் புதுசு"ன்னு மேல ஒரு வரி போட்டுக்கும்.

விமானம் சொல்றதே பொய்யா இருந்தா? இருக்கலாம். ஜிபிஎஸ்ஸை ஏமாத்தற வேலை போர் நடக்கற பகுதிகள்ல நடக்குது, அங்க விமானம் தான் இல்லாத இடத்துல இருக்கறதா நம்பி அதையே கத்தும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை.

டிசம்பர்ல அக்கா மறுபடி வந்துட்டுத் திரும்பிப் போனா. அம்மாதான் பொட்டியை ஆன் பண்ணி, ஆன்டெனாவைத் துணி காயப்போடற கம்பியில கட்டினாங்க. புள்ளி 176 கி.மீ.ல வட்டமாச்சு. சாம்பல் நிறம். "கேக்கலை"ன்னு அவங்களே சொன்னாங்க. பத்து நிமிஷம் அந்த வட்டத்தையே பார்த்துகிட்டிருந்தாங்க, அப்புறம் போனை என்கிட்ட குடுத்துட்டு, பாலுக்குப் பாத்திரம் வெளிய வைக்கணும்னு கீழ இறங்கிப் போனாங்க. தூங்கினாங்களான்னு தெரியாது. ஆனா மாடியில இல்லை.

"கடைசியாகக் கேட்டது"ங்கற எழுத்து ரொம்பச் சின்னதா இருக்காம், கண்ணாடி இல்லாமப் படிக்க முடியலையாம். அடுத்த வெர்ஷன்ல அதான் முதல் வேலை.